"மிஷின் ரோசாக்!" – பெருங்கணினிகள் பேசிக்கொள்ளும் வழி

ஜாசின் பட்டணத்து ஏடிஎம் முன்னால் என் பாட்டி அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "மிஷின் ரோசாக் பாப்பா, வா போவோம்." தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், ஆபீஸ் வாசலில் வரிசை பிடித்து நின்று, கிராணி எண்ணிக் கொடுத்த சம்பளத்தைக் கையில் வாங்கிப் பழகியவர் அவர். வாடகைக் காருக்குக் காசு கொடுத்துப் பட்டணம் வந்து வெறுங்கையோடு திரும்பினால், அந்த இயந்திரத்தின்மேல் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாகக் கணினித் துறைக்கு வந்தவள் நான். அந்த 'ரோசாக்' என்ற சொல்லின் பின்கதை எனக்குத் தொழிற்பயிற்சியின்போதுதான் விளங்கியது. பல வேளைகளில் இயந்திரம் நலமாகவே இருக்கும். அதற்கும் எங்கோ தொலைவில் உள்ள தலைமைக் கணினிக்கும் நடக்கும் பேச்சுதான் நின்றுபோயிருக்கும். அந்தப் பேச்சை நடத்தும் மென்பொருளைப் பற்றி நம் விரிவுரைகளில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நம் நாட்டுக்கு முதல் கணினி வந்தது 1966இல். அன்றைய தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்ட ஐபிஎம் 1401 அது. பிறகு 1974இல் ஐபிஎம் நிறுவனம் எஸ்என்ஏ என்ற பிணைய அமைப்பை அறிவித்தது. அதன் இதயம் 'வீட்டாம்' என்ற மென்பொருள். அதற்குமுன் நிரல்கள் பெரும்பாலும் தமக்கெனத் தனிக்கம்பியும் தனி முனையமும் வைத்திருந்தன. சேமிப்புக் கணக்கைப் பார்க்க ஒரு திரை என்றால், கடன் கணக்கைப் பார்க்க இன்னொரு திரை! வீட்டாம் நடுவில் அமர்ந்து, ஒரே முனையத்தைக் கேட்ட நிரலோடு இணைத்துவிட்டது. இன்று அது தனியாக வருவதில்லை. டிசிபி/ஐபியுடன் சேர்ந்து 'இசட்/ஓஎஸ் கம்யூனிகேஷன்ஸ் சர்வர்' என்ற பெயரில், பெருங்கணினியின் இயங்குதளத்தோடேயே வருகிறது.

ஆகவே, நிறுவுதல் என்றதும் வட்டைச் செருகி 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்துவதை நினைத்துவிடாதீர்கள். இங்கே நம் வேலை, எழுதுவது. ஏடிசிஎஸ்டிஆர்00 என்ற உறுப்பில் 'நான் யார்' என்று எழுதுகிறோம். பிணையத்தின் பெயர், இந்தக் கணினியின் பெயர் முதலியவை அதில் இருக்கும். பெயர்கள் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது. ஏடிசிகான்00 என்ற உறுப்பில், தொடங்கும்போது யார் யாரை எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதைப் போன்றதுதான் இது. ஒரு சாதனத்தை எவ்வளவு சரியாக வரையறுத்திருந்தாலும், பெரட்டுப் பட்டியலில் விட்டுவிட்டால் அது தூங்கிக்கொண்டே இருக்கும். பிறகு கையால் கட்டளை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

இன்னொன்று 'லாக்மோட்'. இரு முனைகளும் பேசத் தொடங்குமுன் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இது. திரையின் அளவு என்ன, ஒரு தடவைக்கு எவ்வளவு அனுப்பலாம், எத்தனை அனுப்பியபின் பதிலுக்காக நிற்க வேண்டும் என்பன அதில் அடங்கும். கடைசியில் சொன்னதைப் 'பேசிங்' என்பார்கள். சீரமைப்பின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் தோட்டச் சாலையில் வரிசையாக வந்தால், பின்னால் பள்ளிப் பேருந்து என்னாகும்? பெரிய கோப்புகளை இடைவெளியின்றி விட்டால் ஏடிஎம்மில் நிற்பவரின் சிறு கேள்வி அப்படித்தான் மாட்டிக்கொள்ளும். அதிகம் நிறுத்தி நிறுத்தி விட்டாலோ, இரவு அனுப்பும் கோப்பு விடிந்தும் முடியாது. அதனால்தான் பேச்சுகளை வகைப்படுத்தி, ஆள் காத்திருக்கும் வேலைக்கு உயர்ந்த முன்னுரிமையும் கோப்பு வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமையும் தருகிறார்கள். தற்காலிக நினைவிடங்களின் அளவும் பார்க்க வேண்டியதே. குறைவாக வைத்தால் வீட்டாம் அடிக்கடி விரிவாக்கிக்கொண்டு திணறும்.

கோளாறு வந்தால்? எட்டு இலக்கப் பிழைக்குறி ஒன்று திரையில் வரும். முதல் இரண்டு இலக்கங்களே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 08 என்றால் கோரிக்கை மறுக்கப்பட்டது. 10 என்றால் கோரிக்கையிலேயே தவறு. 80 என்றால் பாதையில் சிக்கல். 0821 என்று தொடங்கினால், மேலே சொன்ன ஒப்பந்தம் இரு பக்கமும் ஒத்துவரவில்லை என்று பொருள்.

குறியே வராத கோளாறுதான் கொடுமை. பயிற்சியின் ஐந்தாம் வாரத்தில் அது எனக்கு வாய்த்தது. இரண்டு சோதனைக் கணினிகள், 'என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர்' முறையில் இணைக்கப்பட்டிருந்தன. எஸ்என்ஏ பேச்சை இணைய நெறிமுறைக்குள் பொதிந்து அனுப்பும் முறை அது. இணைப்பு 'ஆக்டிவ்' என்றே காட்டியது. கோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால், திரையில் உள்நுழைய முயன்றால் அப்படியே உறைந்து நின்றது. இணைப்பை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நானே முடிவுசெய்து கட்டளையைத் தட்டிவிட்டேன். சரியாகவில்லை. முந்தின இரவிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வேறொரு குழுவின் கோப்பும் நடுவில் அறுந்துபோனது. அவர்களுக்கு ஒருநாள் உழைப்பு வீண். நேரடிக் கணினியாக இருந்திருந்தால், எத்தனை பாட்டிகள் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்களோ!

எனக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மெர்லிமாவ் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர்; ஓய்வுபெற ஓராண்டுதான் இருந்தது. எங்களுக்கெல்லாம் 'அங்கிள்'. அவர் திட்டவில்லை. "கோப்பு போகுது, திரை மட்டும் போகல. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், சொல்லும்மா" என்றார். அரைமணி நேரம் யோசித்தேன். முன்னுரிமை!

இந்த முறையில் ஐந்து யுடிபி வாசல்கள் உண்டு, 12000 முதல் 12004 வரை. முதல் வாசல் வழியாக இணைப்பு ஏற்படுகிறது. அடுத்தது பிணையத்தின் சொந்த வேலைக்கு. மற்ற மூன்றும் முறையே உயர்ந்த, நடுத்தர, தாழ்ந்த முன்னுரிமைக்கு. ஃபயர்வாலில் யாரோ 12002ஐ மட்டும் திறக்க மறந்திருந்தார்கள். அதனால், தாழ்ந்த முன்னுரிமையில் போன கோப்பு நிம்மதியாகப் போனது. உயர்ந்த முன்னுரிமையில் போக வேண்டிய திரை வாசலிலேயே நின்றது. ஐந்து வாசல்களையும் தனித்தனியே தட்டிப் பார்க்க 'ஈஈடயாக்' என்ற சோதனைக் கட்டளையே இருக்கிறது. அணைப்பதற்குமுன் அதை ஒரு தடவை ஓடவிட்டிருந்தால், எது அடைபட்டிருக்கிறது என்று அதுவே சொல்லியிருக்கும். ஃபயர்வால் பிரிவிலிருந்து ஆள் வந்து திறந்துவிட மாலையாகிவிட்டது.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ மிஷின் மேல தப்பில்லையா?"

"பல நேரம் இல்ல பாட்டி. வழியில எங்கேயோ ஒரு கதவு சாத்தியிருக்கும்."

"சரி, அந்தக் கதவத் திறக்கிறவன நேரத்தோட வேலைக்கு வரச் சொல்லு."