அப்புத்தளைக் கேத்தலும் நுவரெலியாப் பனியும்

அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து லயத்துப் பிள்ளை தரம் 9 படிக்கிறாள். விஞ்ஞானப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "மாமா, தண்ணி 100 பாகையில கொதிக்கும்னு போட்டிருக்கு. நம்ம கேத்தலும் அப்பிடித்தானா?"

இல்லையம்மா. அது கடல்மட்டத்துக் கணக்கு, கொழும்பில் சரிவரும். பதுளை நகரம் ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே 98-க்குச் சற்றுக் குறைவு. பண்டாரவளையில் 96, அப்புத்தளையில் 95. தம்பேதன்னைக்கு மேலே லிப்டன் சீட்டில் அடுப்பு மூட்டினால் 94-கூட வராது. 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேத்தல் அடியில் கிளம்பும் குமிழைப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. அப்படி விரிய, மேலே அமுக்கி நிற்கும் காற்றை நெட்டித் தள்ள வேண்டும். மலை ஏற ஏறக் காற்றின் அமுக்கம் குறைகிறது, வேலை சுலபமாகிறது, குறைந்த சூட்டிலேயே கொதி வந்துவிடுகிறது. அப்புத்தளையில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். எவ்வளவு விறகு தள்ளினாலும் திறந்த சட்டித் தண்ணீர் 95-ஐத் தாண்டாது. ஆவிதான் கூடுதலாகப் போகும். கொதி வந்தபின் விறகை இழுத்துவிடுங்கள், பருப்பு அதே நேரத்தில்தான் வேகும்.

"அப்ப ஐஸ் ஆகிறதும் மாறுமா?"

மாறாது என்றே சொல்லலாம். உறையும்போது தண்ணீர் பதினொன்றில் ஒரு பங்குதான் பெருக்கிறது. காற்றைத் தள்ளும் வேலை அங்கே மிகச் சொற்பம். கடலோரத்திலும் மலையுச்சியிலும் 0 பாகைதான். சுவீடன்காரர் அந்தர்ஸ் செல்சியஸ் இந்த இரண்டையும் 1742-லேயே எழுதிவைத்தார்: உறைநிலை அசையாது, கொதிநிலை காற்றின் அமுக்கத்தோடு ஏறி இறங்கும். அவருடைய அளவுகோலில் கொதிப்பது 0, உறைவது 100. பிறகுதான் தலைகீழாக மாற்றினார்கள்.

பிள்ளை விடவில்லை. "நுவரெலியாவில 3 பாகைன்னு சொன்ன அன்னைக்கே அத்தை கொழுந்து பறிக்கிற மலையில பனி உறைஞ்சு கிடந்துச்சாமே?"

இரண்டும் உண்மை. வானிலைக்காரரின் வெப்பமானி நம் நெஞ்சு உயரத்துப் பெட்டிக்குள் இருக்கிறது. தை, மாசியில் மேகமும் காற்றும் இல்லாத இரவில், இலையும் புல்லும் தம் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். அவற்றைச் சுற்றிய காற்றைவிடக் குளிர்ந்து 0-க்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்துத் தேயிலைதான் முதலில் அடிபடும். நிழல் மரத்தடிச் செடி பெரும்பாலும் தப்பிவிடும்; அங்கே இலைக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு கூரை இருக்கிறது.

அப்படி அடிபட்ட கொழுந்தை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளை. வெயில் ஏறியதும் வெந்நீரில் போட்ட கீரையாகத் தொய்ந்தது, பிறகு கருகியது. இலைக்குள் இருந்த நீர் உறைந்து அதன் கலங்களைக் கிழித்துவிட்டது.

"அத்தைக்கு அந்தக் கிழமை முழுக்க அரைப் பேர்தான் மாமா, பாதி நாள் சம்பளம்," என்றாள். "பறிக்கக் கொழுந்து இல்லியாம்."