தென்காசி வாசலில் திரும்பும் காற்று

குற்றாலத்து ஐந்தருவியில் குளித்துத் தலை துவட்டியவர்களுக்கு அடுத்த வேலை சூடாக ஒரு டீ. அதைக் குடித்துவிட்டு, பக்கத்துக் கடையில் ரம்புட்டானோ மங்குஸ்தானோ வாங்கிக்கொண்டு, பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். தென்காசி அவர்களுக்கு ரயிலை விட்டு இறங்கும் ஊர், பஸ் மாறும் ஊர். இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் அந்த ஊர் பாண்டியர்களின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று என்பது துண்டைப் பிழியும் அவசரத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை. நமக்கு அவசரம் இல்லை. டீயை நிதானமாகக் குடிப்போம். மாலையில் அந்த ஊருக்குப் போவோம். போவதற்கு முன் ஒரு விஷயத்தை மட்டும் இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் அதன் தொடக்கம் இந்த மலையில்தான் இருக்கிறது.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் சாமியைப் பற்றிச் சொல்வதற்கு முன் காற்றைப் பற்றிச் சொல்வார்கள். கிழக்கே தெருவிலிருந்து ராஜகோபுர வாசலுக்குள் நுழையும்போது காற்று முகத்தில் வந்து மோதும். வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கோபுரத்தைத் தாண்டி உள்ளே கொஞ்ச தூரம் நடந்ததும் அதே காற்று திசை மாறி, முதுகில் கைவைத்துச் சன்னிதியை நோக்கித் தள்ளுவது போல் வீசும். ஒரே நேரத்தில், சில அடி இடைவெளியில், எதிரெதிர்த் திசைகள்! சிற்பி வைத்த சூட்சுமம் என்பார்கள் சிலர். சுரங்கம் இருக்கிறது என்பார்கள். இறைவனே வா என்று அழைத்துக்கொள்கிறான் என்பார்கள். இந்த மூன்றிலும் சொல்லாமல் ஒளிந்திருக்கும் எண்ணம் ஒன்றுதான்: அந்தக் காற்று அங்கேயே உண்டாகிறது.

அந்த எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இப்போது நம் தலையில் விழுந்துகொண்டிருக்கும் சாரலைப் பார்ப்போம்.

ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. கேரளக் கரையைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. காற்று மலைச்சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. சிகரத்தைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அதனிடம் பெரிதாக ஈரம் மிச்சமில்லை. அதனால்தான் அதே ஜூலையில் புனலூரில் குடை இல்லாமல் நடக்க முடியாது, சங்கரன்கோவிலில் புழுதி பறக்கும். மலைக்குக் கிழக்கே இப்படி மழை எட்டாமல் கிடக்கும் நிலத்தை மழை மறைவுப் பகுதி என்கிறார்கள்.

குற்றாலமும் தென்காசியும் அந்த மறைவுப் பகுதியில்தான் இருக்க வேண்டியவை. ஆனால் சரியாக இந்த இடத்தில் மலைத்தொடர் தாழ்ந்துபோகிறது. வடக்கிலும் தெற்கிலும் ஆயிரம் மீட்டரைத் தாண்டும் மலைகள். நடுவே செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் ஒரு பள்ளம். கணவாய் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதுதான் இது. தமிழ்நாட்டில் பருவக்காற்று நுழைவதற்கு மூன்று பெரிய வழிகள் உண்டு: வடக்கே பாலக்காடு, தெற்கே ஆரல்வாய்மொழி, நடுவே நம் செங்கோட்டை. மலைமேல் ஏற வழியில்லாத காற்றும் இந்தப் பள்ளத்தில் வந்து நெருக்கிக்கொண்டு நுழைவதால் வேகம் கூடுகிறது. கூடவே தாழ்ந்த மேகங்களையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த மேகத்தின் சிதறல்தான் சாரல். சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனால் வயல்களுக்கு நடுவே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவதைப் பார்ப்பீர்கள். அவை சுற்றுவதும் இந்தப் பள்ளத்தை நம்பித்தான்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். "சாரல் அடிக்குது, அருவியில தண்ணி கொட்டும்" என்று கிளம்பி வருகிறவர்கள் உண்டு. சாரல் நம்மை நனைக்குமே தவிர அருவியை நிரப்பாது. ஐந்தருவியில் விழுவது மேலே காட்டில் பெய்து, மண்ணிலும் வேரிலும் தங்கி, ஓடையாகக் கூடிவரும் தண்ணீர். பழத்தோட்டத்துப் பக்கமிருந்து வரும் ஒரே ஓடைதான் பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. ஆகவே நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை கொட்டினால் அருவி பொங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. போலீஸ்காரர் விசில் ஊதி வெளியே வரச் சொன்னால், வானத்தைப் பார்த்துவிட்டு அவரோடு வாதாட வேண்டாம்.

சரி, பள்ளத்துக்கு வருவோம். காற்று நுழைந்த வழியில் மனிதர்களும் நுழைந்தார்கள். மலையைத் தாண்ட எளிதான இடம் இது என்பதால் கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே பொதிமாடுகளும் வண்டிகளும் இந்த வழியாகத்தான் போயின. 1904-ல் கொல்லத்திலிருந்து செங்கோட்டை வழியாக மீட்டர்கேஜ் ரயில் வந்ததும் இதே வழியில்தான். அகல ரயில்பாதையாக மாறி அது மறுபடி முழுமையாக ஓடத் தொடங்கியது 2018-ல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் பக்கம் இருந்தது. அதன் பிறகுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் வழியில் பிரானூர் பார்டரில் இறங்கிப் புரோட்டாவும் கோழியும் சாப்பிடுகிறவர்கள், இங்கே எந்தப் பார்டர் என்று தேட வேண்டாம். பார்டர் போய்விட்டது, பெயரும் புரோட்டாவும் தங்கிவிட்டன.

பாண்டியர்கள் இங்கே ஏன் வந்தார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1311-ல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. அடுத்து மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள், அவர்களை விஜயநகரத்துக் குமார கம்பணர் வென்றார். இத்தனைக்கும் நடுவே பாண்டியர்கள் அழிந்துபோகவில்லை. மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கினார்கள். முதுகுக்குப் பின்னால் மலை, பக்கத்தில் சிற்றாறு, மேற்கே போக ஒரு கணவாய். ஒதுங்கி வாழ்கிற ஓர் அரசுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சின்னத் தலைநகரத்தில் இருந்தபடிதான் 16-ஆம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியர் நைடதமும் வெற்றிவேற்கையும் எழுதினார். ராஜ்ஜியம் சுருங்கியதே தவிரத் தமிழ் சுருங்கவில்லை.

கோயிலைக் கட்டியவர் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியவர். 1422-ல் பட்டத்துக்கு வந்த பராக்கிரம பாண்டியர். காசிக்குப் போக நினைத்த மன்னனின் கனவில் சிவன் வந்து, எறும்புச் சாரையைத் தொடர்ந்து போ, அது முடிகிற இடத்தில் நான் இருப்பேன் என்று சொன்னதாகத் தலக்கதை. 1446-ல் திருப்பணி தொடங்கியது. 1457-ல் கோபுர வேலை ஆரம்பித்தது. 1463-ல் மன்னர் மறைந்துவிட, மிச்சத்தை அவர் தம்பி குலசேகர பாண்டியர் முடித்தார். உள்ளே போனதும் மண்டபத் தூண்களில் வீரபத்திரர், தாண்டவமூர்த்தி, காளி, மன்மதன், ரதி என்று ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் சிலைகளைப் பாருங்கள். விரல் நகம் வரை வேலை. அவசரமாகத் தாண்டிப் போனால் நமக்குத்தான் நஷ்டம். அம்மன் பெயர் உலகம்மன்.

இந்த மன்னரிடம் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கல்வெட்டு. இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை நேர்ந்தால், அதை யார் வந்து சரிசெய்தாலும், அவர்களை இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று பாட்டாகப் பாடி வைத்திருக்கிறார். கெடுத்தவன் நாசமாய்ப் போவான் என்று சாபம் வைத்த கல்வெட்டுகள் நாடெங்கும் ஏராளம். காப்பாற்றப் போகிறவனுக்கு முன்கூட்டியே கும்பிடு போட்டு வைத்தவர்கள் குறைவு.

அந்தக் கும்பிடுக்குத் தேவை வந்தது. கோபுரம் பிற்காலத்தில் நெருப்பிலும் இடியிலும் சிதைந்து, மேல்நிலைகள் பிளந்து விழுந்தன. வெகுகாலம் ஊருக்கு நடுவே மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் 9 நிலை, ஏறக்குறைய 178 அடி உயர ராஜகோபுரம், தொழிலதிபர் சிவந்தி ஆதித்தன் முன்னின்று நடத்திய திருப்பணியில் எழுந்தது, 1990-ல் குடமுழுக்கு. கீழே இருக்கும் கல்வேலை பழையது, மேலே இருக்கும் நிலைகள் நம் காலத்தவை. அறுநூறு ஆண்டுக் கோபுரம் என்று படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைக்கலாம்.

இப்போது வாசலில் நிற்போம். கோயில் கிழக்குப் பார்த்தது. கணவாய் வழியாக வரும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அப்படியானால் அந்தக் காற்று கோயிலின் மேல் தவழ்ந்து, திறந்தவெளியைக் கடந்து, கோபுரத்தின் மேற்கு முகத்தில், அதாவது உட்பக்கத்தில், போய் மோத வேண்டும். சுற்றிலும் தாழ்வான வீடுகள். அதற்கு எதிரே நிற்கும் ஒரே உயரமான சுவர் அந்தக் கோபுரம்தான்.

தோட்டத்தில் குழாயைப் பிடித்துத் தண்ணீரைச் சுவரில் பீய்ச்சியிருப்பீர்கள். தண்ணீர் சுவரில் பட்டு நாலாபக்கமும் சிதறும். மேலே கொஞ்சம் போகும், பக்கங்களில் போகும், ஒரு பங்கு சுவரோடு வழிந்து தரையில் இறங்கி, பீய்ச்சிய நம் காலையே நனைக்கும். காற்றும் அதைத்தான் செய்கிறது. கோபுரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே மோதும் காற்றில் ஒரு பங்கு முகத்தோடு சரிந்து தரைக்கு இறங்குகிறது. இறங்கியதும் போக இடமில்லாமல் வந்த திசைக்கே, மேற்கு நோக்கி, தரையோடு சுருண்டு திரும்புகிறது. கோபுரத்தைத் தாண்டி உள்ளே நடக்கும் நம் முதுகைத் தள்ளுவது இதுதான்.

வாசலில் முகத்தில் மோதியது? அது இன்னொரு பங்கு. காற்று வந்து மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடுதல். கோபுரத்தின் மறுபக்கமான தெருவில் அழுத்தம் குறைவு. இரண்டுக்கும் நடுவே திறந்திருப்பது கோபுர வாசல் ஒன்றே. அந்தக் குறுகிய வழியில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே பாய்ந்து வெளியேறுகிறது. நாம் அதற்கு எதிராக நடப்பதால் முகத்தில் அறைகிறது. ஆக, இரண்டு காற்று அங்கே இல்லை. அரபிக்கடலில் கிளம்பி, கணவாயில் நுழைந்து, காலையில் ஐந்தருவியில் நம் மேல் சாரலைத் தெளித்த அந்த ஒரே காற்றைக் கோபுரம் இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது.

உலகத்தில் உயரமான கட்டடங்களின் காலடியில் எல்லாம் இது நடக்கிறது. நியூயார்க்கில் 1902-ல் கட்டிமுடித்த பிளாட்அயர்ன் கட்டடத்தின் அடியில், 23-ஆம் தெருவில், காற்று அப்படிச் சுழன்று அடித்தது. போகிற பெண்களின் பாவாடை பறப்பதை வேடிக்கை பார்க்க வெட்டி ஆட்கள் கூடி நிற்க, போலீஸ் வந்து விரட்ட வேண்டியிருந்தது. அங்கே தொல்லை என்று பெயர் வாங்கிய காற்று, நம் ஊரில் அருள் என்று பெயர் வாங்கியிருக்கிறது. நம் பெயர்தான் நன்றாக இருக்கிறது.

இதனால் சிற்பியின் பெருமை குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு மாதம் மேற்குக் காற்று அடிக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியாமலா இருந்திருக்கும்? அதன் நேர் எதிரே கோபுரத்தை நிறுத்தி, கோபுரத்துக்கும் உள்கோயிலுக்கும் நடுவே திறந்தவெளியையும் விட்டிருக்கிறார்கள். அந்த வெளி இல்லாமல் கோபுரத்தை ஒட்டியே மண்டபம் எழுந்திருந்தால் காற்று சுருண்டு திரும்ப இடமே இருந்திருக்காது.

போகும்போது கோயில் நடையை நண்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். மாலை நாலரைக்கு மேல் போனால் சரியாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால் காற்று நன்றாகத் தெரியும். மூன்று இடத்தில் நின்று பாருங்கள்: தெருவில் கோபுரத்துக்கு வெளியே, வாசலின் உள்ளே, பிறகு கோபுரத்தைத் தாண்டிப் பத்திருபது அடி உள்ளே. கைக்குட்டையை விரலில் தொங்கவிட்டால் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். முடிந்தால் காற்றுத் திசை மாறிவிட்ட நவம்பரில் இன்னொரு முறை போய் ஒப்பிட்டுப் பாருங்கள். தெப்பக்குளத்துப் பக்கமோ ரதவீதியிலோ ஐம்பத்தைந்து அறுபது வயதுக்காரர் யாராவது உட்கார்ந்திருந்தால், கோபுரம் மொட்டையாக நின்ற காலத்தில் உள்ளே போகும்போது காற்று இப்படி முதுகைத் தள்ளியதா என்று கேளுங்கள். 1990-க்கு முன்னால் அந்த வாசலில் நுழைந்தவர்கள்தான் அதைச் சொல்ல முடியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.