லினக்ஸ் பாஸ்வேர்ட் மறந்து போச்சா? ஃபார்மேட் வேண்டாம்!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் டிரெய்லர் புக்கிங் ஆபீஸ், கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் எனச் சிறு அலுவலகங்கள் நிறைய. லைசென்ஸ் செலவு இல்லை என்பதால் சிலவற்றில் உபுண்டு லினக்ஸ் ஓடுகிறது. அதை நிறுவியவர் வேலையை விட்டுப் போகும்போது பாஸ்வேர்டும் அவரோடு போய்விடுகிறது.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு டிரெய்லர் ஆபீஸுக்கு இப்படித்தான் என்னை அழைத்தார்கள். "ஃபார்மேட் பண்ணுவதைத் தவிர வழியில்லை" என்று ஒரு சர்வீஸ் கடையில் சொல்லிவிட்டார்களாம். உள்ளே இருந்ததோ ஆறு வருட டிரிப் கணக்கு, டீசல் கணக்கு. பேக்கப் கிடையாது. பத்தே நிமிடத்தில் திறந்துவிட்டோம். ஒரு ஃபைல்கூட அழியவில்லை.

பழைய பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தோமா? இல்லை. லினக்ஸ் பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதில்லை. அதை உருமாற்றிய குறியீட்டைத்தான் 'ஷேடோ' என்ற ஃபைலில் வைக்கிறது. அதனால் புதிய பாஸ்வேர்ட் வைப்பதுதான் வழி.

உபுண்டுவில் எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். யூஇஎஃப்ஐ உள்ள புதிய கம்ப்யூட்டர் என்றால் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். 'கிரப்' மெனு வரும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் சென்று, ரெக்கவரி மோட் என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த மெனுவில் 'ரூட்' என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் கட்டளை வரி கிடைக்கும். இனி வருபவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துக்களில் டைப் செய்யுங்கள்.

முதலில் 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /'. டிஸ்க்கில் எழுத இது அனுமதி தரும். கமாவுக்குப் பின் இடைவெளி கூடாது. யூசர் பெயர் தெரியாவிட்டால் 'எல்எஸ் /ஹோம்' என்று கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து, பாஸ்வேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓ, ஆர் இரண்டையும் விட்டுவிட்டு டைப் செய்து, இடைவெளி விட்டு யூசர் பெயரைக் கொடுங்கள். புதிய பாஸ்வேர்டை இருமுறை கேட்கும். டைப் செய்யும்போது திரையில் எதுவும் தெரியாது, பயப்பட வேண்டாம். பிறகு ரீபூட் செய்யுங்கள்.

ரெக்கவரி மோடும் பாஸ்வேர்ட் கேட்டால்?

டெபியனில் இப்படிக் கேட்கலாம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பல மாணவர்களுக்கு விண்டோஸுடன் கிடைத்த 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான்.

கிரப் மெனுவில் 'ஈ' கீயை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 'ஆர்ஓ' என்பதை 'ஆர்டபிள்யூ' ஆக்கி, வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேருங்கள். கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் நேராக ரூட் அதிகாரம். பாஸ்வேர்டை மேலே சொன்னபடி மாற்றி, 'சிங்க்', அதன் பின் 'ரீபூட் -எஃப்' கொடுங்கள்.

இவ்வளவு சுலபமா?

ஆமாம், கீபோர்டில் கை வைக்கும் எவருக்கும் சுலபம்தான். ஆகவே உரிமையாளர் சொல்லாமல் யாருடைய கம்ப்யூட்டரிலும் இதைச் செய்யாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இப்படி நுழைவதைத் தடுக்க பயாஸுக்கும் கிரப்புக்கும் பாஸ்வேர்ட் வைக்கலாம். ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அவை பயன்படாது. டிஸ்க் முழுவதையும் 'லக்ஸ்' முறையில் என்கிரிப்ட் செய்வதே உறுதியான பூட்டு. அந்த பாஸ்வேர்டை மறந்தால் மட்டும் மேலே சொன்ன எந்த வழியும் கை கொடுக்காது.

எனவே, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, கணக்குப் புத்தகங்களோடு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். ஆள் மாறும்போது சாவியை வாங்குவது போல பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி, உடனே மாற்றிவிடுங்கள்.