போட்டோவில் சின்ன மாற்றம்.. தடுமாறும் ஏஐ! கணிதம் போடும் கடிவாளம் என்ன?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் 3,049 சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படங்களை கூகுளின் ஏஐ பரிசோதித்தது. 2019-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அரவிந்தில் மிதமான அல்லது அதைவிட தீவிரமான விழித்திரை பாதிப்பு இருந்தவர்களில் 88.9 சதவீதம் பேரை அது சரியாகக் கண்டுபிடித்தது. கண் டாக்டர் எளிதில் கிடைக்காத கிராமங்களுக்கு இது பெரிய உதவிதான். ஆனால், இதுபோன்ற எல்லா ஏஐ-க்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்கிறது. படம் லேசாக மாறினால் முடிவும் மாறிடுமா?

என்ன சிக்கல்?

நமக்கு அது கண்ணின் படம். கம்ப்யூட்டருக்கோ வெறும் எண்கள். அந்த எண்களைக் கண்ணுக்கே தெரியாத அளவு மாற்றினாலும் ஏஐ-யை ஏமாற்றிவிடலாம் என்று 2013-லேயே ஆய்வாளர்கள் காட்டினர். மருத்துவப் படங்களைப் பார்க்கும் ஏஐ-க்கும் இந்த ஆபத்து உண்டு என 2019-ல் 'சயின்ஸ்' இதழ்க் கட்டுரை எச்சரித்தது. 'பாதிப்பு இல்லை' என்று தவறாக வந்தால் நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். இந்த நோயில் இழந்த பார்வையை மீட்பது கடினம்.

ஏன் இப்படி ஆகுது?

நியூரல் நெட்வொர்க் என்பது அடுக்கடுக்கான கணக்குகள். ஒவ்வொரு அடுக்கும் ஒரு சின்ன மாற்றத்தை இரண்டு மடங்காக்கினால், 10 அடுக்கு தாண்டும்போது அது 1,024 மடங்காகிவிடும். எந்த அடுக்கும் மாற்றத்தைப் பெரிதாக்கவில்லை என்றால்? 100 அடுக்கு போனாலும் மாற்றம் வளராது.

தெப்பக்குளம் சொல்லும் கணக்கு

வண்டியூர் தெப்பக்குளத்துக்கு வெளியே இரண்டு பேர் தள்ளித்தள்ளி நிற்கிறார்கள். இருவரும் தங்களுக்கு மிக அருகில் உள்ள குளக்கரைக்கு நேராக வருகிறார்கள். அவர்களுக்கு இடையிலான தூரம் குறையலாம், அப்படியே இருக்கலாம். கூடவே கூடாது! சதுரம், வட்டம் போல உள்வளைவு இல்லாத எந்த வடிவத்துக்கும் இது பொருந்தும்.

இதன் பொதுவான வடிவம்தான் 'புராக்ஸிமல் ஆபரேட்டர்'. 1960-களில் பிரெஞ்சு கணிதவியலாளர் ஜான் ஜாக் மோரோ உருவாக்கியது. இருக்கும் இடத்தைவிட்டு ரொம்ப விலகாமல், செலவையும் குறைக்கும் புள்ளியைத் தேர்வு செய்வதே இதன் வேலை.

ஏஐ-யில் இது எங்கே வருது?

நெட்வொர்க்குகளில் அதிகம் பயன்படும் 'ரெலு', மைனஸ் எண்களை பூஜ்யமாக்கும். அதுவும் ஒரு புராக்ஸிமல் ஆபரேட்டர்தான். வழக்கத்தில் உள்ள இதுபோன்ற பல செயல்பாடுகளும் இதே வகைதான் என்று கோம்பெட், பெஸ்கே ஆகிய கணிதவியலாளர்கள் 2020-ல் விளக்கினர்.

ஆனால் அது மட்டும் போதாது. அடுக்குகளுக்கு இடையே பெருக்கப்படும் எண்களும், அதாவது வெயிட்டுகளும், மாற்றத்தைப் பெரிதாக்கக் கூடாது. பயிற்சியின்போதே இந்தக் கட்டுப்பாட்டை விதித்துவிட்டால், உள்ளே போகும் மாற்றத்தைவிட வெளியே வரும் மாற்றம் பெரிதாகாது என்று கணிதமே உத்தரவாதம் தரும்.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

இல்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் 'பாதிப்பு இல்லை' என்றே சொல்லும் ஏஐ-யும் நிலையானதுதான். ஆனால் அதனால் பயன் இல்லை. கடிவாளத்தை ரொம்ப இறுக்கினால், உண்மையான நோய் அறிகுறியையும் ஏஐ கவனிக்காமல் விடலாம்.

அதனால், மருத்துவ ஏஐ என்றாலே 'எத்தனை சதவீதம் சரி?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'படம் எவ்வளவு மாறினாலும் முடிவு மாறாது?' என்றும் கேட்க வேண்டும்.