சேம்பர்லேன்: லண்டன் சிட்டியின் பணப்பெட்டிக்குப் பொறுப்பானவர்

நீங்கள் நிற்கும் இந்த கில்டுஹால் மண்டபத்தில்தான் லண்டன் சிட்டியின் பொருளாளர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்துவரும் பதவி இது. வாக்களிப்பவர்கள் ஊர் மக்கள் எல்லாரும் அல்லர். பழைய தொழிற்குழுக்களைச் சேர்ந்த லிவரிமேன்கள் மட்டுமே. தேர்தல் நாள், ஜூன் 24.

வரவு செலவு மட்டுமல்ல, நகர உரிமை பெற்றிருந்து இறந்துபோனவர்களின் சிறு பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய சொத்துப் பணமும் ஒரு காலத்தில் இவர் பொறுப்பில் இருந்த கருவூலத்தில்தான் கிடந்தது. 17ஆம் நூற்றாண்டில் கடனில் மூழ்கிய நகரம் அந்தப் பணத்தையும் செலவழித்துவிட்டுக் கையை விரித்தது. மன்னிக்க முடியாத செயல். தகப்பனை இழந்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காக நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1694இல் வந்த சட்டம்தான் வழி செய்தது: லண்டனுக்கு வரும் நிலக்கரி மீது வரி விதித்து, அதிலிருந்து அவர்களுக்கு வட்டி தரப்பட்டது.

அரசைத் தாக்கி எழுதிச் சிறை சென்ற ஜான் வில்க்ஸ், 1779 முதல் 1797இல் இறக்கும்வரை சேம்பர்லேனாக இருந்தார். முதலாளிக்கு அடங்காத தொழில் பழகுநர்களை பிரைட்வெல் சிறைக்கு அனுப்பும் அதிகாரமும் இப்பதவிக்கு இருந்தது. நகர உரிமை பெறுவோர் இன்றும் சேம்பர்லேன் நீதிமன்றத்தில் உறுதிமொழியை வாசித்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள்.