மாதவிடாய் நிறைவுக் காலத் தூக்கமின்மை: இணையவழிச் சிகிச்சை எவ்வாறு உதவுகிறது?

“பத்து மணிக்கே படுத்துவிடுகிறேன், டாக்டர். இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து விழிப்பு வந்தால், அதன்பின் தூக்கமே இல்லை.” நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. பெரும்பாலோர் இதற்கென மருத்துவமனைக்கு வருவதில்லை. இரத்த அழுத்தத்திற்கோ மூட்டு வலிக்கோ வந்தவர்கள், விடைபெறும் வேளையில் தயக்கத்துடன் இதைக் கூறுகிறார்கள். இது வயதின் இயல்பு எனப் பொறுத்துக்கொள்ள வேண்டிய தொல்லை அன்று. இதற்குச் சிகிச்சை உண்டு.

தூக்கம் ஏன் கலைகிறது?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைகிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி அதனால் எளிதில் தூண்டப்படுகிறது. திடீரென உடல் கொதிப்பதும் வியர்ப்பதும் இதன் விளைவே. தூக்கத்தை முதலில் கலைப்பது இந்த வெப்பம்தான். ஆனால் மாதக்கணக்கில் தூக்கமின்மையை நீடிக்கச் செய்வது பெரும்பாலும் நமது பழக்கங்களே. இழந்த தூக்கத்தை ஈடுசெய்ய முன்னதாகவே படுக்கிறோம், பகலில் உறங்குகிறோம், இரவில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே புரள்கிறோம். நாளடைவில் மூளை, படுக்கையை விழித்திருக்கும் இடமாகவே பழகிவிடுகிறது.

சிகிச்சையின் அடிப்படை

இந்தப் பழக்கத்தை மாற்றுவதே தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைகளுக்கு முன்பாக இதையே அளிக்க வேண்டும் என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. இதன் முக்கியக் கூறுகள் மூன்று.

முதலாவது, படுக்கை நேரத்தைக் குறைத்தல். ஒருவர் இரவு 10 முதல் காலை 6 வரை படுத்திருந்தும் ஐந்தரை மணி நேரமே உறங்குகிறார் எனக் கொள்வோம். அவர் 12 மணிக்குப் படுத்து 5.30-க்கு எழ வேண்டும். படுத்திருக்கும் நேரத்தில் 85 விழுக்காட்டிற்கு மேல் உறங்கத் தொடங்கியதும், வாரந்தோறும் 15 நிமிடங்கள் கூட்டப்படும். ஐந்து மணி நேரத்திற்குக் கீழ் குறைப்பதில்லை.

இரண்டாவது, ஏறத்தாழ இருபது நிமிடங்களில் உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது மட்டுமே திரும்பிப் படுத்தல்.

மூன்றாவது, “இன்று உறங்காவிட்டால் நாளைப் பொழுதே வீண்” என்பன போன்ற அச்சங்களை எழுதிப் பார்த்து, அவை எவ்வளவு உண்மை எனச் சோதித்தல்.

இணையவழியில் எவ்வாறு நடைபெறும்?

சிகிச்சை பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் நீடிக்கும். நாள்தோறும் காலையில் தூக்கக் குறிப்பைக் கைப்பேசியில் பதிய வேண்டும். அதைக் கொண்டு அடுத்த வாரத்திற்கான படுக்கை நேரம் கணக்கிடப்படும். வாரம் ஒரு பாடம் வரும். சில திட்டங்களில் ஆலோசகரும் உடன் இருப்பார். பயணம் தேவையில்லை, வீட்டு வேலைகளுக்கு இடையே உகந்த நேரத்தில் பயிலலாம். இவ்வகையான ‘ஸ்லீப்பியோ’ என்னும் செயலியை இங்கிலாந்தின் ‘நைஸ்’ அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது.

நேரில் வராமலே இச்சிகிச்சை பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 40 முதல் 65 வயது வரையுள்ள 106 பெண்களிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. எட்டு வாரங்களில் ஆறு முறை தொலைபேசி வழியாகச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தூக்கமின்மை மதிப்பெண் சராசரியாக 9.9 புள்ளிகள் குறைந்தது. பொதுவான விளக்கங்களை மட்டும் பெற்றவர்களுக்கு 4.7 புள்ளிகளே குறைந்தது. உடல் வெப்பம் எழும் எண்ணிக்கை குறையவில்லை. ஆயினும் அது அன்றாட வாழ்வுக்குத் தந்த இடையூறு குறைந்தது.

முதலில் எங்களிடம் கூறுங்கள்

உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், கால்களில் குறுகுறுப்பு, ஆழ்ந்த மனச்சோர்வு ஆகியவை இருப்பின் முதலில் பரிசோதனை தேவை. வலிப்பு நோயோ இருமுனை மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் படுக்கை நேரத்தைத் தாமாகக் குறைக்கக் கூடாது. தூக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதைத் திடீரென நிறுத்த வேண்டாம். உடல் வெப்பம் மிகுதியாக இருப்பின், அதற்கான மருந்துகளையும் கலந்து பேசலாம்.

குடும்பத்தாருக்கு

முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை. பகலில் அயர்ச்சி மிகும். இருசக்கர வாகனம் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. பலர் சிகிச்சையைக் கைவிடுவதும் இக்கட்டத்திலேயே. “சீக்கிரம் போய்ப் படு”, “மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்துகொள்” என அன்புடன் கூறுவதும் இப்போது தடையாகிவிடும். அதற்கு மாறாக, காலைச் சமையலைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இரவு பதினொரு மணிக்கு அவர் கூடத்தில் விழித்திருந்தால், சற்று உடன் அமர்ந்து பேசுங்கள்.

அடுத்த முறை வரும்போது, ஒரு வாரத் தூக்கக் குறிப்பை எழுதிக் கொண்டு வாருங்கள். படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த நேரம், எழுந்த நேரம் ஆகியவை போதும். சிகிச்சையை அதிலிருந்தே தொடங்குவோம்.