காவல் காத்த கரங்கள்

கால்பந்தாட்டத்தில் பதினொருவர் ஓர் அணியாய்க் கூடி ஆடினும், அவருள் ஒருவர் மட்டும் தனித்து நிற்கிறார். அவரே கோல்கீப்பர். முன்னணி ஆட்டக்காரர் பத்து முறை குறி தவறினாலும், பதினோராம் முறை பந்தை வலைக்குள் செலுத்திவிட்டால் மக்கள் அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். கோல்கீப்பரின் நிலையோ இதற்கு நேர்மாறானது. எண்பத்தொன்பது நிமிடம் பிழையின்றிக் காத்து நின்று, இறுதி நிமிடத்தில் ஒரு பந்தை நழுவவிட்டால், அந்த ஒன்றே அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இத்தகைய பணியை இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிலாய் ஏற்று நின்ற டினோ ஸோஃப் என்னும் இத்தாலியரின் வரலாறு, நம் இல்லங்களில் பெரியோரும் சிறியோரும் அறிந்திருக்கத்தக்கது.

புறக்கணிக்கப்பட்ட சிறுவன்

இத்தாலி நாட்டின் வடகிழக்கு மூலையில் மரியானோ தெல் ஃப்ரியூலி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஓர் உழவர் குடும்பத்தில் ஸோஃப் பிறந்தார். பதினான்கு வயதில் இன்டர், யுவென்டஸ் ஆகிய பெருங்கழகங்களின் தேர்வுக்குச் சென்றார். உயரம் போதாது என்று கூறி இரண்டு கழகங்களும் அவரைத் திருப்பி அனுப்பின. வீட்டிலிருந்த பாட்டியார் பேரனின் ஏமாற்றத்தைக் கண்டு சோர்ந்துவிடவில்லை. நாளொன்றுக்கு எட்டு முட்டை உண்ணும்படி அவனுக்குக் கட்டளையிட்டார்! முட்டையின் பயனோ, பருவத்தின் பயனோ, அடுத்த ஐந்தாண்டுகளில் பிள்ளை ஓரடிக்கும் மேலாக வளர்ந்துவிட்டான். இதற்கிடையில் மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலையும் அவன் கற்றுக்கொண்டான். விளையாட்டு கைவிட்டாலும் கைத்தொழில் கைகொடுக்கும் என்பது அக்குடும்பத்தின் விவேகம்.

1961ஆம் ஆண்டில் உதினேசே கழகத்திற்காக இத்தாலியின் முதல் நிலைப் போட்டியில் அவர் முதன்முறையாகக் களமிறங்கினார். அன்று ஃபியொரெந்தினா அணி அவரைத் தாண்டி ஐந்து கோல்களை அடித்தது! அவருடைய தந்தை சலுகை காட்டும் மனிதர் அல்லர். ஒருமுறை மகன், அந்தப் பந்து வருமென்று தான் எதிர்பார்க்கவில்லை என்று சமாதானம் கூறினாராம். அதற்குத் தந்தை, "ஏன், நீ மருந்துக்கடைக்காரனா?" என்று கேட்டாராம். பந்தை எதிர்பார்த்து நிற்பதே கோல்கீப்பரின் வேலை. அதில் சாக்குப்போக்குக்கு இடமில்லை. இச்சொல்லை மகன் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

ஓய்வறியாக் காவல்

உதினேசேயிலிருந்து மாந்தோவாவுக்கும், 1967இல் நாப்போலிக்கும் சென்றார். 1968இல் நாட்டு அணியில் இடம்பெற்று, அவ்வாண்டே ஐரோப்பிய வாகையர் பட்டத்தில் பங்குகொண்டார். 1972ஆம் ஆண்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. சிறுவயதில் அவரை வேண்டாமென்று அனுப்பிய அதே யுவென்டஸ் கழகம், முப்பது வயதான அவரை விலைகொடுத்து வாங்கியது. அங்கே பதினோர் ஆண்டுகள் ஆடினார். ஆண்டுக்கு முப்பது லீக் ஆட்டங்களாக, மொத்தம் 330 ஆட்டங்கள். அவற்றுள் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. ஆறு முறை அக்கழகம் நாட்டின் வாகையர் பட்டம் பெற்றது.

1972 செப்டம்பர் முதல் 1974 ஜூன் வரை, பன்னாட்டு ஆட்டங்களில் தொடர்ந்து 1,142 நிமிடங்கள் எவரும் அவரைத் தாண்டிக் கோல் அடிக்க இயலவில்லை. பெரிய நாடுகள் தகர்க்க முடியாத அந்த அரணை, உலகக் கோப்பையில் ஹெய்ட்டி என்னும் சிறு நாட்டின் இம்மானுவேல் சானோன் தகர்த்தார். பெருமை எத்துணை உயர்ந்தாலும் அதற்கொரு முடிவு உண்டல்லவா?

பழிச்சொல்லும் பொறுமையும்

அவரை உண்மையாகச் சோதித்தது 1978ஆம் ஆண்டு. அர்ஜென்டினாவில் நடந்த உலகக் கோப்பையில் ஹாலந்தும் பிரேசிலும் நெடுந்தொலைவிலிருந்து அடித்த பந்துகள் அவரைக் கடந்து வலைக்குள் சென்றன. இத்தாலி நான்காம் இடத்தோடு திரும்பியது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. கண்பார்வை மங்கிவிட்டது, காலம் முடிந்துவிட்டது என்று பழித்தோர் பலர். அவர் எவரோடும் வழக்காடவில்லை. மறுபடியும் பயிற்சித் திடலுக்குச் சென்றார். பயிற்சியாளர் என்ஸோ பெயர்ஸோட்டும் அவரைக் கைவிடவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1982இல் ஸ்பெயினில், நாற்பது வயதான ஸோஃப் அணித்தலைவராக நின்றார். முதல் மூன்று ஆட்டங்களிலும் இத்தாலிக்கு வெற்றி கிட்டவில்லை. பத்திரிகைகளின் ஏளனம் பொறுக்காத வீரர்கள், செய்தியாளரிடம் பேசுவதில்லை என்று உறுதிபூண்டனர். அணியின் சார்பில் பேசும் பொறுப்பு, இயல்பிலேயே வாய்பேசாத ஸோஃபின் தலையில் விழுந்தது! பின்னர் அர்ஜென்டினாவை வென்ற இத்தாலி, ஜூலை 5ஆம் நாள் பார்சிலோனாவில் பிரேசிலைச் சந்தித்தது. சமநிலையே பிரேசிலுக்குப் போதுமானதாக இருந்தது. பவுலோ ரோசியின் மூன்று கோல்களால் இத்தாலி 3-2 என முன்னணியில் நின்றபோது, ஆட்டம் முடியும் தறுவாயில் பிரேசிலின் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்து கோலை நோக்கிப் பாய்ந்தது. ஸோஃப் இடப்புறம் தாவி விழுந்து, கோட்டின் மேலேயே அதைப் பற்றிக்கொண்டார். பந்து கோட்டைத் தாண்டியதென்று பிரேசிலியர் ஆர்ப்பரித்தனர். நடுவர் ஏமாந்துவிடுவாரோ என்பதே அக்கணத்தில் அவருடைய அச்சம். நடுவர் சரியாகவே கண்டார். நான்காண்டுப் பழிக்கு அந்த ஒரு பிடியே மறுமொழியாயிற்று.

ஜூலை 11ஆம் நாள் மாட்ரிட் நகரில் மேற்கு ஜெர்மனியை 3-1 என வென்று, இத்தாலி கோப்பையைப் பெற்றது. அதுவரை அவ்வயதில் எவரும் உலகக் கோப்பையை வென்றதில்லை. இத்தாலி அரசு வெளியிட்ட நினைவு அஞ்சல்தலையில், ஓவியர் ரெனாட்டோ குத்தூசோ கோப்பையை உயர்த்திய இரு கரங்களைத் தீட்டினார். அவை ஸோஃபின் கரங்கள்.

எனினும் அவர் வாழ்வு வெற்றியோடு நின்றுவிடவில்லை. 1983இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹாம்பர்க் அணியிடம் ஒரே கோலில் தோற்றார், அவ்வாண்டே ஓய்வுபெற்றார். பின்பு யுவென்டஸின் பயிற்சியாளரானார். நெடுங்காலம் தம்மோடு ஆடி, தமக்கு உதவியாளராக அமைந்த கயத்தானோ ஷிரேயா 1989இல் போலந்தில் சாலை விபத்தில் மாண்ட துயரையும் தாங்கினார். 2000ஆம் ஆண்டில் அவர் பயிற்றுவித்த நாட்டு அணி ஐரோப்பிய இறுதியாட்டத்தில் பிரான்சிடம் தோற்றது. அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனி அவரைப் பகிரங்கமாக இகழ்ந்தார். வீரராக இருந்தபோது பழியைப் பொறுத்தவர், இப்போது தம் மதிப்பைக் காக்கும்பொருட்டுப் பதவியைத் துறந்தார். பொறுமைக்கும் காலமுண்டு, விலகுவதற்கும் காலமுண்டு.

பெற்றோரே, உங்கள் பிள்ளை தேர்வில் தவறி, தலைகுனிந்து வீடு திரும்பும் நாள் ஒன்று வரக்கூடும். அன்று அந்தப் பாட்டியாரையும் அந்தத் தந்தையையும் நினைவுகூருங்கள். ஒருவர் உணவளித்துத் தேற்றினார். மற்றவர் சாக்குச் சொல்லவிடாமல் திருத்தினார். இரண்டும் அன்பே. அவ்விரண்டு அன்பினாலும் உருவானவை அந்தக் கரங்கள்.